கட்டில் காலைத் தாண்டுவது எப்படி? மரக் கடைசலைக் கலையாகக் கற்பதும் கற்பிப்பதும்

கேள்வி: கோவை மரச்சீவல்

அனைவருக்கும் வணக்கம். நான் சிற்பக் கலை படித்தவள். கல்லூரியில் களிமண்ணும் உலோக வார்ப்பும் கற்றேனே தவிர மரத்தைத் தொட்டதில்லை. கடந்த ஓராண்டாகக் கோவையில் கட்டில் கால், மாடிப்படிக் கம்பம், தொட்டில் சட்டம் முதலியவற்றைக் கடைந்து தரும் ஒரு சிறு பட்டறைக்கு வாரம் மூன்று நாள் சென்று மரக் கடைசல் பழகி வருகிறேன். பட்டறை ஆசாரி பொறுமைசாலி. முதல் இரண்டு மாதம் சதுரக் கட்டையை உருளையாக்குவதைத் தவிர வேறெதையும் என்னிடம் கொடுக்கவில்லை. பிறகு மாதிரிக் கால் ஒன்றை முன்னால் வைத்து, அதே அளவில் நான்கு கடையச் சொன்னார். இப்போது நான்கில் மூன்று ஒன்றுபோல் வருகின்றன. நான்காவதை அடுப்புக்கு என்று சிரித்தபடி ஓரமாக எடுத்து வைத்துவிடுகிறார்.

என் சிக்கல் இதற்குப் பிறகுதான். பட்டறை ஓய்ந்திருக்கும் நேரத்தில் எனக்கென்று எதையாவது கடையலாம் என்று நின்றால், எதைக் கடைந்தாலும் அது கட்டில் காலாகவே முடிகிறது. குமிழ், கழுத்து, வளையம், மீண்டும் குமிழ் என்று கை தானாகவே அந்த வரிசைக்குப் போய்விடுகிறது. களிமண்ணில் எனக்கு இருந்த விடுதலை இங்கே இல்லை. கடைசல் இயந்திரமான லேத்தில் சுழலும் எதுவும் வட்டமாகத்தான் வரும் என்பது இயந்திரத்தின் விதி; அந்த விதிக்குள் ஒரு கலைஞர் எங்கே நிற்பது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. வெளிநாடுகளில் மரக் கடைசல் சமகாலக் கலையாகவே வளர்ந்திருக்கிறது என்று படித்திருக்கிறேன். அங்கே அதை எப்படிக் கற்பிக்கிறார்கள்?

இன்னொன்றும் உண்டு. நண்பர் நடத்தும் ஓவியப் பள்ளியில் 8 மாணவர்களுக்கு 4 நாள் பயிலரங்கு நடத்தித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இருப்பவை இரண்டு சிறிய லேத்துகள். ஓராண்டு அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒப்புக்கொள்ளலாமா என்று தயக்கமாக இருக்கிறது. ஒப்புக்கொண்டால் எதிலிருந்து தொடங்குவது?

பதில் 1: பென்சில்வேனியாவாசி

நான் பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே வார இறுதிகளில் கடைந்து வருகிறேன். பிழைப்பு கணினித் துறையில். இந்த மாநிலத்தில் நடந்த கதையிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருப்பதால் அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

1970கள் வரை அமெரிக்காவில் கலைநோக்கோடு கடைந்தவர்கள் ஆளுக்கொரு மூலையில் தனியாகத்தான் இருந்தார்கள். ஜேம்ஸ் பிரெஸ்டினி முட்டை ஓடு போல மெல்லிய சுவர் கொண்ட மரக் கிண்ணங்களைக் கடைந்தார். அவை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் வரை போயின. பாப் ஸ்டாக்ஸ்டேல் லேத்தைப் பழகியது இரண்டாம் உலகப் போரின்போது, ஆயுதம் ஏந்த மறுத்தவர்களை வைத்திருந்த முகாமில். இவர்களுக்குக் குருவும் இல்லை, பள்ளியும் இல்லை. பள்ளிகளில் இருந்த மரவேலை வகுப்புகளோ, உங்கள் ஆசாரியைப் போல, மேசைக் காலையும் விளக்குத் தண்டையும் அளவு பிசகாமல் கடையக் கற்றுக்கொடுத்தன.

1976இல் ஆல்பர்ட் லெகாஃப், அவருடைய சகோதரர் ஆலன், பாமர் ஷார்ப்லெஸ் என்ற ஆசிரியர் ஆகிய மூவரும் பிலடெல்பியாவுக்கு அருகே கடைசல்காரர்களை ஒரே கூரையின் கீழ் அழைத்துக் கருத்தரங்குகள் நடத்தத் தொடங்கினார்கள். ஒருவர் லேத்தில் கடைந்து காட்ட, மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். இரவில் ஒருவர் பொருளை மற்றவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துக் குறையும் சொன்னார்கள். 1985இல் டென்னசியில் ஆரோமான்ட் பள்ளியில் கூடிய மாநாட்டின் தொடர்ச்சியாக 1986இல் அமெரிக்க மரக் கடைசல்காரர் சங்கம் உருவாயிற்று. அதன் முதல் தலைவர் டேவிட் எல்ஸ்வொர்த். விரல் நுழையும் அளவே வாயுள்ள குடத்தின் உட்புறத்தை, வளைந்த கம்பி போன்ற உளியை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமலே குடைந்தெடுத்தவர் அவர். உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் காதும் கையும்தான் சொல்லும். சுவர் மெலிய மெலிய உளி எழுப்பும் ஒலி மாறும். இந்த வித்தையை அவர் தம் பட்டறையிலேயே பல ஆண்டுகள் சிறு குழுக்களுக்குக் கற்பித்தார்.

லெகாஃப் மரக் கடைசலுக்கென்று நிறுவிய மையம் 1995இல் தொடங்கிய கோடைக்கால உறைவிடத் திட்டத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். வெவ்வேறு நாட்டுக் கடைசல்காரர்களோடு சிற்பிகள், அறைகலன் செய்பவர்கள், ஒரு ஆய்வாளர், ஒரு ஒளிப்படக்காரர் என்று கலந்து சேர்த்துப் பல வாரங்கள் ஒன்றாக வேலை செய்ய விடுகிறார்கள். கடைசல்காரரிடம் “இது ஏன் வட்டமாகவே இருக்க வேண்டும்?” என்று கேட்க, கடைசல் தெரியாத ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் சூட்சுமம் என்று நான் நினைக்கிறேன். சிற்பம் படித்த உங்களிடம் அந்தக் கேள்வி ஏற்கெனவே இருக்கிறது. பாதி கடைசல்காரர்களுக்கு அது வாய்ப்பதே இல்லை.

வட்டத்தின் விதியைப் பற்றிக் கேட்டீர்கள். கனடாவில் ஸ்டீபன் ஹாக்பின் 1970களிலேயே, பெரிய தட்டு ஒன்றைக் கடைந்து, அதை ரம்பத்தால் துண்டுகளாக அறுத்து, வேறு விதமாகத் திருப்பி ஒட்டினார். அவருடைய ‘நடக்கும் கிண்ணம்’ இரண்டு கால்களில் நிற்பது போலிருக்கும். ஒவ்வொரு துண்டின் வளைவும் லேத்திலிருந்து வந்தது, ஆனால் முழு உருவத்தில் வட்டம் எங்கும் இல்லை. லேத்தை முடிவாகக் கொள்ளாமல், வளைவுகளை விளைவிக்கும் வயலாகக் கொண்டால் உங்கள் களிமண் விடுதலை திரும்பக் கிடைக்கும்.

இனி எனக்கு நடந்தது. என் முதல் ஆசிரியரிடம், மூன்று வார இறுதிகள் பாடுபட்டுக் கடைந்த செர்ரி மரக் கிண்ணத்தை நீட்டினேன். வெளிப்புறம் வழவழப்பாக, எண்ணெய் பூசி மின்னியது. அவர் அதை ஒரு முறை திருப்பிப் பார்த்தார், எழுந்து போய் பேண்ட் சா என்ற அறுவை இயந்திரத்தை இயக்கினார், நான் வாய் திறப்பதற்குள் கிண்ணத்தை நட்டநடுவே இரண்டாக அறுத்துவிட்டார். அரைக் கிண்ணத்தை மேசையில் கவிழ்த்து, வெட்டு முகத்தில் பென்சிலை ஓட்டச் சொன்னார். விளிம்பில் கால் அங்குலம், இடுப்பில் அரை அங்குலம், அடியில் முக்கால் அங்குலத்துக்கும் மேல். வெளி வளைவு ஓரிடத்தில் தட்டையாகப் போய், பிறகு திடீரென்று திரும்பியிருந்தது. இத்தனை நாளும் அதைக் கையில் வைத்துச் சுற்றியபோது என் கண்ணுக்குப் படாத அந்தத் தட்டை, அறுத்த முகத்தில் முழங்கால் முட்டி போலத் துருத்திக்கொண்டு நின்றது. அன்று எனக்கு வந்த கோபம் அடங்க ஒரு வாரம் ஆயிற்று. அதன்பின் நான் கடைந்த முதல் இருபது கிண்ணங்களையும் நானே அறுத்தேன்.

உங்கள் ஆசாரி ஓரமாக வைக்கும் அந்த நான்காவது காலை எரிக்க விடாதீர்கள். நீளவாக்கில் அறுத்து, அதன் ஓரக்கோட்டைத் தாளில் வரைந்து, எங்கே கண் தடுக்குகிறது என்று பாருங்கள்.

பதில் 2: அம்பை கடைசல்

நான் அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடையும் குடும்பத்தில் பிறந்தவன். மேலே எழுதியவர் நன்றாக எழுதியிருக்கிறார். ஆனாலும் இரண்டு இடங்களில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

முதலாவது, கட்டில் காலைத் தாண்டுவது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டீர்கள் அம்மா. கட்டில் கால் ஒன்றும் தடுப்புச் சுவர் இல்லை. என் தகப்பனார் காலத்தில் ஒருவர் கயிறு இழுக்க, இன்னொருவர் கடைவார். மத்தால் மோர் கடைவதும் மரத்தைக் கடைவதும் ஒரே சொல்லில் நிற்பதற்கு அந்தக் கயிறே சாட்சி. கட்டை முன்னும் பின்னுமாகச் சுழன்று போய்வரும். முன்னோக்கிச் சுழலும்போது மட்டுமே உளி வெட்டும். அந்த முன்சுழற்சிக்குள் விரல் நுனி அளவு குடத்துக்குக் கழுத்து எடுத்தவர்கள், மாதிரியைப் பார்த்துக் கடைந்தவர்கள் அல்லர். நூறு குடம் கடைந்தால் நூற்றிலும் ஒரே சாயல் இருக்கும், ஆனால் எது யார் கடைந்தது என்று எங்கள் தெருவில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஒன்றையே திரும்பத் திரும்பக் கடைவதில்தான் கைக்கு என்று ஒரு நடை வருகிறது.

இரண்டாவது, உளியைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. கலை என்று வருகிறவர்களில் பலர் உளியைத் தீட்டாமல், மரத்தைச் சுரண்டியே உருவம் கொண்டுவந்து, பிய்ந்த இழைகளை உப்புத்தாளால் தேய்த்து மறைத்துவிடுகிறார்கள். எண்ணெய் பட்டதும் பிய்ந்த இடம் கறுத்துத் தெரியும்; அப்போது வருந்திப் பயன் இல்லை. நகம் போல் குழிந்த நகவுளியின் சரிவு முகம் மரத்தின்மேல் படிந்து தேய்ந்துகொண்டே போக வேண்டும், வெட்டு அதற்குப் பின்தான். சரிவு படியாமல் முனை மட்டும் பட்டால் உளி கவ்வும், கட்டை எகிறும். கட்டில் கால் போன்ற தண்டு கடையும்போது பெரிய விட்டத்திலிருந்து சிறிய விட்டத்துக்கு இறங்க வேண்டும். கிண்ணத்தில், இழை குறுக்காக ஓடுவதால், வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்புக்கும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவுக்கும் வெட்ட வேண்டும். தண்டு மட்டுமே பழகிய கை கிண்ணத்துக்கு வரும்போது தடுமாறுவது இதனால்தான். சரியாக வெட்டினால் சீவல் நாடா போலச் சுருண்டு தோளில் விழும். தூளாகக் கொட்டினால் லேத்தை நிறுத்திவிட்டுச் சாணைக்குப் போங்கள். என்னைச் சாணையில் மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்க நிறுத்தினார் என் தகப்பனார்.

மரம் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் முன்பு மஞ்சக்கடம்புதான் சொப்புக்கு. கர்நாடகத்துச் சென்னபட்டணத்துக்காரர்கள் வெட்பாலையைப் பயன்படுத்துவார்கள். சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசும் சூட்டிலேயே அரக்கு உருகிப் படரும், பிறகு தாழை மடலை வைத்து அழுத்தி மினுக்குவார்கள். உங்களுக்கு இவையெல்லாம் தேடி அலைய வேண்டாம். சாலையோரம் வெட்டிப் போடும் பூவரசும் தூங்குமூஞ்சியும் மாவும் போதும். பூவரசை ஹவாய்த் தீவில் ‘மிலோ’ என்றும் தூங்குமூஞ்சியை ‘மங்கிபாட்’ என்றும் சொல்லிக் கிண்ணம் கடைந்து நல்ல விலைக்கு விற்கிறார்கள் என்று கப்பலில் வேலை பார்த்த என் மைத்துனர் சொன்னபோது நான் நம்பவில்லை. அவர் வாங்கி வந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தால், நம் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நிற்கும் அதே மரம். மாமரக் கட்டையை ஈரத்தில் சில மாதம் போட்டு வைத்தால் பூஞ்சை ஏறிக் கருங்கோடுகள் ஓடும். அந்தக் கோடுகளை எந்த ஓவியரும் வரைய முடியாது. ஆனால் அளவுக்கு மீறிப் போட்டு வைத்தால் மரம் பஞ்சாகிவிடும், உளியின் முன் நிற்காது.

பதில் 3: பம்பர வாத்தியார்

பயிலரங்கு பற்றிய கேள்வியை இருவரும் விட்டுவிட்டதால் நான் எழுதுகிறேன். திருச்சியில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின், விடுமுறைகளில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கடைசல் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் 4 நாளில் கிண்ணம் வேண்டாம். அம்பை அண்ணாச்சி சொன்ன இழைத் தடுமாற்றமே முதல் காரணம். எட்டுப் பேரில் ஒருவர் கையிலாவது கிண்ணம், லேத்தில் அதைப் பிடித்திருக்கும் ‘சக்’கை விட்டுப் பறக்கும். முதல் பொருள் பம்பரமாக இருக்கட்டும். உள்ளங்கை அளவுக் கட்டை, ஒரு நகவுளி, துண்டித்தெடுக்க ஒரு வெட்டுளி, இரண்டு மணி நேரம் போதும். அதற்கு மதிப்பெண் போட ஆசிரியர் தேவையில்லை என்பதுதான் அதன் சிறப்பு. ஆணி நட்டநடுவில் இறங்கவில்லை என்றாலோ, ஒரு பக்கம் கனத்துவிட்டாலோ, சாட்டையை உருவியதும் பம்பரம் தலையாட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். மாணவர் மறுபேச்சின்றி அடுத்த கட்டையை எடுப்பார். என் வகுப்பில் ஐம்பது வயது வங்கி அதிகாரி ஒருவர், மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஏழாவது பம்பரத்தோடு திண்ணையில் நின்றிருந்தார்.

எட்டுப் பேருக்கு இரண்டு லேத் என்றால் ஆறு பேர் எப்போதும் காத்திருப்பார்கள். அவர்களைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். நீங்கள் சிற்பி, எனவே தாளை மடித்து அரைக்கோடு வெட்டி விரிக்கச் சொல்லுங்கள். முழு உருவம் கிடைக்கும். அந்த ஆறு பேரும் ஒரு நாளில் முப்பது உருவம் வெட்டிப் பார்ப்பார்கள். லேத்தில் நின்றால் ஒன்றுதான் ஆகும். வரைந்த கோட்டைக் கடைவதும் கடைந்ததை மீண்டும் வரைவதும் மாறி மாறி நடந்தால் கையும் கண்ணும் சேர்ந்து வளரும்.

மூன்றாம் நாள், உங்கள் தண்டுப் பயிற்சியையே வேறு பக்கம் திருப்பிவிடலாம். பிரான்சில் வெர்தோன் பள்ளத்தாக்கை ஒட்டிய ஏகீன் என்ற மலையூரில், பாக்ஸ் மரத்தின் வேர்க்கட்டையில் பெத்தாங்க் ஆட்டத்துக்கான பந்து கடைந்த பழைய தொழில் இருந்தது. அந்த ஊரில்தான் ழான் பிரான்சுவா எஸ்குலென் பள்ளி அமைத்தார். ஒரே தண்டை ஒரு மையத்தில் பொருத்திக் கொஞ்சம் கடைந்து, பிறகு மையத்தை அரை அங்குலம் தள்ளி மீண்டும் பொருத்திக் கடைவது அவருடைய வழி. குமிழும் கழுத்தும் அதே குமிழும் கழுத்தும்தான், ஆனால் தண்டு இடுப்பை ஒடித்து நிற்கும். வேகத்தை மிகக் குறைத்து, இரு முனையிலும் இறுகப் பிடித்துச் செய்ய வேண்டும். அதை நீங்கள் மட்டும் செய்து காட்டுங்கள், மாணவர்கள் பார்க்கட்டும். கட்டில் கால் கடைந்த கைக்கு இதைவிடப் பொருத்தமான அடுத்த படி எனக்குத் தோன்றவில்லை.

உளியைப் பற்றி அண்ணாச்சி சொன்னதற்கு ஒரு துணைச் செய்தி. ஜப்பானில் இஷிகாவா மாகாணத்து யாமனாகா கடைசலுக்குப் பெயர் போன ஊர். அங்குள்ள கடைசல்காரர்கள் தங்கள் உளியைத் தாங்களே உலையில் காய்ச்சி அடித்துக்கொள்கிறார்கள், பயிற்சிக்கு வருபவர்களும் அதைக் கற்கிறார்கள். உளியின் வளைவு எப்படியோ கிண்ணத்தின் வளைவும் அப்படியே என்பதால், அங்கே உருவத்தைப் பற்றிய பாடம் கொல்லுலையிலேயே தொடங்கிவிடுகிறது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள். துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை, கயிறு, வளையல், கையுறை எதுவும் லேத் அருகே வரக் கூடாது. முடியைக் கொண்டை போட வேண்டும். முகம் முழுவதையும் மறைக்கும் தடுப்பு கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது. எனவே உப்புத்தாள் போடும் நேரத்தில் நல்ல முகமூடி வேண்டும், துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. வேகத்துக்குக் கடைசல்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு எளியது: அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுழற்சியையும் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையில் வர வேண்டும். 10 அங்குலக் கட்டைக்கு 600 முதல் 900. புதியவர்களுக்கு நான் கீழ் எல்லையைத் தாண்ட விடுவதில்லை.

கேட்டவரின் மறுமொழி: கோவை மரச்சீவல்

மூவருக்கும் நன்றி. பயிலரங்குக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன், முதல் நாள் பம்பரம்தான்.

அம்பை அண்ணாச்சி, தலைப்பைப் பற்றி நீங்கள் சொன்னது உறைத்தது. நேற்று ஆசாரியிடம், அவர் கடைந்த கால்களையும் வேறொரு பட்டறையிலிருந்து பழுதுக்கு வந்த கால்களையும் கலந்து வைத்து, எவை அவருடையவை என்று கேட்டேன். தொட்டுக்கூடப் பார்க்காமல் பிரித்துவிட்டார். எப்படி என்று கேட்டதற்கு, “கழுத்துல நான் மூச்சு விட்டுருப்பேன்” என்றார். பிறகு உற்றுப் பார்த்தேன். அவருடைய கால்களில், குமிழ் முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் நூலிழை அளவு நேர்க்கோடு ஒன்று இருக்கிறது. நான் கடைந்த மூன்றிலும் அது இல்லை.

பென்சில்வேனியா நண்பரே, ஓரமாகக் கிடந்த நான்காவது கால்கள் பதினொன்றை அறுத்துவிட்டேன். ஆசாரிக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. அரைக் கால்களைச் சுவரில் வரிசையாகச் சாய்த்ததும் அவரே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அறுத்த பாதிகளைத் தலைகீழாகவும் முதுகோடு முதுகாகவும் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டு ஜோடிகள் கால் என்ற நினைவே வராத உருவமாக நின்றன. இன்னும் ஒட்டவில்லை.

இடையில் ஒரு மாமரக் கட்டையில் கிண்ணமும் தொடங்கியிருக்கிறேன். 10 அங்குல விட்டம், ஈரக் கட்டை. சுவரை எவ்வளவு கனமாக விட்டு உலர வைப்பது, கோவை வெயிலில் வெடிக்காமல் இருக்க என்ன செய்வது?

பதில் 4: அம்பை கடைசல்

விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு விடுங்கள் அம்மா. 10 அங்குலத்துக்கு ஓர் அங்குலம். உலரும்போது கிண்ணம் நீள்வட்டமாகக் கோணும், அந்தக் கனம் இருந்தால்தான் மறுபடி லேத்தில் ஏற்றி வட்டமாக்க இடம் கிடைக்கும். கோணலே அழகு என்று தோன்றினால் ஈரத்திலேயே மெல்லியதாகக் கடைந்து முடித்துவிட்டு, மரம் தன் போக்கில் வளைய விட்டுவிடுங்கள். அப்போது சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும். வெளியே ஒரு விளக்கை வைத்து உட்புறம் பார்த்தால், மெலிந்த ஈரமரத்தில் வெளிச்சம் ஊடுருவும். ஒரே சிவப்பாகத் தெரிந்தால் சரி, ஓரிடம் இருட்டாகத் தெரிந்தால் அங்கே இன்னும் வெட்ட வேண்டும்.

கனமாக விட்டதை அதன் சீவலோடு சேர்த்துச் செய்தித்தாளில் சுற்றி, காற்றோட்டம் நேரே படாத அறையில், தரையில் வையுங்கள். வெட்டு முகத்தில், அதாவது இழை முனைகள் தெரியும் இரண்டு பக்கத்திலும், மெழுகு தடவுங்கள். வெடிப்பு அங்கேதான் தொடங்கும். இன்று தராசில் நிறுத்து, எடையைக் கிண்ணத்தின் அடியிலேயே பென்சிலால் எழுதுங்கள். வாரம் ஒரு முறை நிறுத்து, அதன் கீழே எழுதி வாருங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் எடுத்து லேத்தில் ஏற்றலாம்.